திருகோணமலைத் துறைமுகமும் அதன் பின்னிலமும்

நிவித்திகல மலைச்சரிவில் நின்று எத்திசையை நோக்கினும் கடல் கண்ணுக்குத் தோன்றாது. தேயிலைப் பசுமையும், இறப்பர் மரங்களின் நிழலும், அவற்றுக்கு அப்பால் மழைமேகம் தங்கும் குன்றுகளுமே தோன்றும். இத்தகைய இடத்தில் வாழ்ந்துகொண்டு துறைமுகம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்தால், 'மலையில் இருப்போர்க்குக் கடலைப் பற்றி என்ன கவலை?' என்று எம்முடன் கற்ற நண்பர்கள் நகைத்தல் கூடும். ஆயினும், கடலைக் கண்ணாற் காணாத ஊர்களே துறைமுகங்களை வாழ்விக்கின்றன என்பதும், அவ்வூர்களை மறந்த துறைமுகம் எத்துணை அழகும் ஆழமும் உடையதாயினும் பிறர் போருக்கே பயன்படும் என்பதும் எமது துணிபு. அத்துணிபைக் கல்லூரியின் விழா மலரில் அன்பர்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

நாம் கல்லூரியிற் பயின்ற காலத்தில் எமக்குப் புவியியல் கற்பித்த ஆசிரியர் ஒருநாள் இலங்கைப் படத்தைக் கரும்பலகையில் வரைந்து, திருகோணமலை இருக்கும் இடத்திற் சுண்ணக்கட்டியால் ஒரு வளைவை இட்டு, "துறைமுகத்தை ஆக்குவது கடலா, நிலமா?" என்று வினவினார். வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "கடல்" என்றது. ஆசிரியர் சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. "பெரியவர்களானதும் மறுபடியும் யோசித்துப் பாருங்கள்" என்று மட்டும் கூறிப் பாடத்தைத் தொடர்ந்தார். அவர் இட்ட அந்த வேலையை இன்று செய்ய முற்படுகின்றோம்.

முதற்கண் கடல் தந்த கொடையைக் காண்போம். மகாவலி கங்கை கடலோடு கலக்கும் இடத்திற் கொட்டியாரக் குடா கிழக்கு நோக்கி வாய் திறந்து கிடக்கின்றது. அக்குடாவின் வடபுறத்தே, இறுகிய பழம்பாறைகளாலான குன்றுகள் கடலுக்குள் நீண்டு, கைகளைக் கோத்தாற்போல் வளைந்து நிற்கின்றன. அக்கைகளின் அணைப்பினுள் அடங்கிய நீர்ப்பரப்பே திருகோணமலையின் உட்துறைமுகம். அதன் பரப்பு ஏறக்குறைய 1,630 ஹெக்டேயர். உள்ளே நுழையும் வாயிலோ ஏறத்தாழ 500 மீற்றர் அகலமே உடையது. அவ்வாயிலும் திறந்த கடலை நேரே நோக்காது, கொட்டியாரக் குடாவின் பக்கமாகத் தெற்கே திரும்பியிருக்கின்றது. ஆதலால், வெளிக்கடலில் மலைபோல் எழும் அலை குடாவினுட் புகுந்து, திரும்பி, வாயிலைக் கடந்து, தீவுத்துண்டுகளைச் சுற்றி உட்துறையை அடையும்போது தன் சினம் தணிந்த சிற்றலையாகிவிடுகின்றது.

இரண்டாவது சிறப்பு ஆழம். கொட்டியாரக் குடாவின் அடியிலிருந்து கிழக்கு நோக்கி ஒரு பெரிய கடலடிப் பள்ளத்தாக்குத் தொடங்கி, வங்கக் கடலின் பேராழத்தை நோக்கிச் சரிகின்றது. கரைக்கு இத்துணை அண்மையில் இத்துணை ஆழம் காணப்படுவது அரிது. பேராறு ஒன்று கடலோடு கலக்கும் இடத்திற் பெரும்பாலும் மணற்றிட்டும் சேறும் குவிந்து துறையைத் தூர்த்துவிடும் என்பதை யாவரும் அறிவர். மகாவலி கொண்டுவரும் மண்ணின் பெரும்பகுதியையோ இப்பள்ளத்தாக்கு விழுங்கிவிடுகின்றது. உட்துறைமுகமும் ஆற்றின் நேர்வழியில் இல்லாது ஒதுங்கி நிற்கின்றது. ஆறு அருகே இருந்தும் ஆற்றின் கேடு அணுகாத துறை இஃது. அன்றியும், இலங்கைக் கரையிற் கடல் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவாதலால், நீர் ஏறும் நேரம் பார்த்து வாயிலிற் காத்துக்கிடக்க வேண்டிய நிலை கப்பல்களுக்கு இல்லை.

மூன்றாவது சிறப்பை உணர்வதற்குப் பாய்க்கப்பற் காலத்தை மனத்திற் கொள்ளல் வேண்டும். எமது நாட்டின் கடல் இரு காற்றுகளின் ஆட்சிக்கு உட்பட்டது. வைகாசி தொடக்கம் சோளகமாகிய தென்மேல் பருவக்காற்று மேற்குக் கரையை அறைகின்றது. ஐப்பசிக்குப் பின் வாடையாகிய வடகீழ்ப் பருவக்காற்றுக் கிழக்குக் கரையைத் தாக்குகின்றது. சோழமண்டலக் கரையில், சென்னை, நாகபட்டினம், புதுச்சேரி முதலிய இடங்களில், இயற்கையாய் அமைந்த ஆழ்ந்த துறை எதுவும் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்க, மக்களும் பொருள்களும் மசூலாப் படகுகளில் ஏறி அலையைக் கிழித்துச் செல்லவேண்டியிருந்தது. வாடை தொடங்கியதும் அங்கு நின்ற போர்க்கப்பற் கூட்டங்கள் வெகு தொலைவிலுள்ள பம்பாய் போன்ற துறைகளை நாடி ஓடின. அவை மீண்டும் வரும்வரை அக்கரை காவலின்றிக் கிடந்தது. இரு காற்றிலும் கப்பலைப் பாதுகாத்து, உடைந்ததைச் செப்பனிட்டு, வங்கக் கடலின் வாயிலிலேயே தங்கவைக்கும் ஒரே பெருந்துறை திருகோணமலையே. அதனைக் கைக்கொண்டவன் சோழமண்டலக் கரையையும் கைக்கொள்வான் என்று ஐரோப்பிய வல்லரசுகள் கணித்தன.

அக்கணிப்பின் விளைவே இத்துறையின் வரலாறு. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அக்கற்களைக் கொண்டே அம்மலையிற் கோட்டை எழுப்பினர். 1639இல் ஒல்லாந்தர் கண்டி மன்னனோடு சேர்ந்து அக்கோட்டையைக் கைப்பற்றினர். புயலிற் பாய்மரம் முறிந்த ஆங்கிலக் கப்பலொன்று அதனைச் செப்பனிடும்பொருட்டு 1659இன் பிற்பகுதியிற் கொட்டியாரக் குடாவிற்குள் ஒதுங்கியது. அதில் வந்த உறொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர் கண்டி மன்னனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு ஏறக்குறைய 19 ஆண்டுகள் மலைநாட்டிற் சிறையிருந்தார். அவர் தப்பிச் சென்று 1681இல் வெளியிட்ட நூலே மலைநாட்டை மேனாட்டார்க்கு விரிவாக அறிமுகப்படுத்தியது. ஒதுங்கிடம் தேடிய ஒரு கப்பலால் மலையும் கடலும் எவ்வாறு இணைந்தன என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

1672இற் பிரெஞ்சுக் கப்பற்படை இக்குடாவினுட் புகுந்தது. ஒல்லாந்தர் அதனை வெளியேற்றினர். 1782 தை மாதத்தில் ஆங்கிலேயர் திருகோணமலையைப் பிடித்தனர். அதே ஆண்டு ஆவணியிற் பிரெஞ்சுத் தளபதி சவ்றென் அதனைப் பறித்தார். சில நாள்களுள் இரு கடற்படைகளும் துறைக்கு வெளியே மோதின. உடன்படிக்கையின்படி துறை மீண்டும் ஒல்லாந்தரிடம் சேர்ந்தது. இறுதியாக 1795இல் ஆங்கிலேயர் அதனைக் கைக்கொண்டனர். ஓராண்டினுள் இருமுறை கைமாறிய துறை ஒன்றைப் பற்றி நாம் பெருமை கொள்வதா, வருந்துவதா? வந்த கொடிகளுள் ஒன்றேனும் அத்துறையைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் பொருட்டு வந்ததன்று என்பதை மறத்தலாகாது.

இருபதாம் நூற்றாண்டிலும் கதை மாறவில்லை. கடற்படைகள் நிலக்கரியை விடுத்து எண்ணெய்க்கு மாறியபோது, இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாக் காட்டினுள் மாபெரும் எண்ணெய்த் தாங்கிகள் வரிசை வரிசையாக எழுந்தன. 1942 மாசியிற் சிங்கப்பூர் வீழ்ந்ததும், கிழக்குக் கடலிற் பிரித்தானியருக்கு எஞ்சிய பெரும் புகலிடங்களுள் ஒன்றாயிற்றுத் திருகோணமலை. அவ்வாண்டு சித்திரை 5ஆம் நாள் கொழும்பையும், 9ஆம் நாள் திருகோணமலையையும் யப்பானிய விமானங்கள் தாக்கின. துறையை விட்டு முன்னரே வெளியேறிய 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னும் கடற்படைத்தளம் பிரித்தானியரிடமே இருந்தது. 1957ஆம் ஆண்டிலேதான் அஃது இலங்கையிடம் கையளிக்கப்பட்டது.

நிற்க. இதுவரை கூறியவை அனைத்தும் போர்க்கப்பலின் கதை. வணிகக் கப்பல் எங்கே சென்றது? எமது ஆசிரியரின் வினாவுக்கு விடை இங்கேதான் உள்ளது.

பண்டைக் காலத்தில் இலங்கையின் பெருந்துறை திருகோணமலை அன்று. மேற்குக் கரையிலிருந்த மாதோட்டமே. அங்குள்ள கடல் ஆழமற்றது. ஆனால் அக்காலத்து மரக்கலங்களுக்குப் பேராழம் வேண்டியதில்லை. அருவியாற்றின் வழியே அநுராதபுரம் என்னும் தலைநகர் அதன் பின்னே இருந்தது. நெல்லும், முத்தும், மணியும், அரசனின் பண்டகசாலையும் இருந்த பக்கத்திலேயே கப்பல் வந்தது. பின்னர்க் காலித் துறை புகழ்பெற்றது. அதன் வாயிலிற் பாறைகள் உண்டு. சோளகக் காற்றில் அது கப்பலுக்கு இடர் விளைப்பது. ஆயினும் கறுவா விளைந்த கரையில், கிழக்கு மேற்குக் கடற்பாதையின் ஓரத்தில் அது இருந்தது.

கொழும்போ திறந்த கடலோரம். சோளகக் காலத்தில் அங்கே நின்ற கப்பல் நிலையின்றி ஆடும். ஆனால் மலைநாட்டிற் கோப்பி விளைந்தது. 1867இற் கண்டிவரை புகையிரதம் ஓடிற்று. 1869இற் சுயெஸ் கால்வாய் திறந்தது. கோப்பிச் செல்வம் இயற்கை மறுத்ததைச் சுண்ணக்கல்வையால் எழுப்ப முன்வந்தது. 1875 மார்கழியில் இளவரசர் அடிக்கல் நாட்ட, 1885அளவில் தென்மேல் அலைதடுப்புச் சுவர் நிறைவெய்தியது. அதற்குள் கோப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்துவிட்டது. காலியைக் கொழும்பு வென்றுவிட்டது. கடல் எந்த வசதியும் செய்து கொடாத இடத்தில், நிலம் தன் விளைபொருளைக் கொண்டுவந்து நிறுத்தி, "இங்கே துறைமுகம் அமைக" என்று ஆணையிட்டது. புவியியலார் இத்தகைய நிலத்தைப் 'பின்னிலம்' என்பர். துறைமுகத்தின் உயிர் அங்கேதான் இருக்கின்றது.

சென்னையும் இதற்குச் சான்று. அலை அறையும் அக்கரையில் எழுப்பிய துறைமுகத்தை 1881ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மீண்டும் கட்டினர். பின்னேயிருந்த பெருநிலம் அவர்களைக் கட்டவைத்தது. மறுபுறம், இயற்கைத் துறைக்கு எடுத்துக்காட்டாகச் சிட்னியையும் சான் பிரான்சிஸ்கோவையும் கூறுவர். அவை பெருந்துறைகளானது நீர் ஆழமாயிருந்தமையால் மட்டுமன்று; ஒன்றன் பின்னே கம்பளியும் கோதுமையும், மற்றதன் பின்னே பொன்னும் பழத்தோட்டங்களும் இருந்தமையாலேயே ஆகும்.

எமது சப்பிரகமுவ மாகாணத்திலும் இவ்வுண்மையைக் காணலாம். சிவனொளிபாதமலையில் ஊற்றெடுக்கும் களுகங்கை இரத்தினபுரி வழியே களுத்துறையிற் கடலைச் சேர்கின்றது. முற்காலத்திற் பொருள்கள் படகேறி இவ்வாற்றின் வழியே சென்றன. ஆனால் களுத்துறை முகத்துவாரம் மணல் மறித்த முகத்துவாரம். அங்கே பெருங்கப்பல் அணுகவியலாது. பின்னர்க் களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய இருப்புப்பாதை 1912இல் இரத்தினபுரியை எட்டி, அப்பாலும் ஓப்பநாயக்கவரை நீண்டது. தேயிலைப் பெட்டிகளும் இறப்பர்ச் சிப்பங்களும் அதில் ஏறிக் கொழும்புத் துறையை அடைந்தன. 1976இல் அவிசாவளைக்கு அப்பாலுள்ள பகுதி மூடப்பட்டபின் லொறிகள் அவ்வேலையை ஏற்றன. கொழுந்து பறித்த கைகளுக்கு உரியோர் கொழும்புத் துறைமுகத்தைக் கண்டறியாதவர்களாய் இருக்கலாம். ஆயினும் அத்துறையின் ஒவ்வோர் அலைதடுப்புக் கல்லிலும் அவர்களின் உழைப்பு இருக்கின்றது. தோட்ட மக்களுக்குத் தெரிந்த துறைகள் வேறு. முன்னோர் வந்திறங்கிய மன்னார்க் கரையும், 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் உறவினர் கண்ணீரோடு கப்பலேறிய தலைமன்னாருமே அவர்கள் நினைவில் நிற்பவை. பொருளுக்கு ஒரு துறையும் மனிதர்க்கு ஒரு துறையுமாக வாழ்ந்த சமூகம் எமது சமூகம்.

இனித் திருகோணமலையின் பின்னிலம் யாது என வினவுவோம். மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் நீளமுடையது. நாட்டின் நிலப்பரப்பில் ஏறக்குறைய ஆறிலொரு பங்கின் நீர் அதில் வடிகின்றது. மலைநாட்டுத் தேயிலைச் சரிவுகளிற் பெய்த மழை கண்டியைச் சுற்றிக் கொட்டியாரக் குடாவை அடைகின்றது. மலையின் தண்ணீர் திருகோணமலைக்குச் செல்கின்றது. மலையின் தேயிலையோ கொழும்புக்குச் செல்கின்றது. இயற்கை வகுத்த வழியும் வணிகம் வகுத்த வழியும் இவ்வாறு பிரிந்தன. ஆங்கிலேயர் மலைநாட்டிலிருந்து மேற்கு நோக்கிப் பாதை அமைத்தனர். கிழக்கோ காடும் காய்ச்சலும் நிறைந்த வறள்நிலமாய்க் கிடந்தது. திருகோணமலைக்குப் புகையிரதம் வந்ததே 1927இல்தான். கண்டிக்கு வந்த காலத்தோடு ஒப்பிட்டால் 60 ஆண்டுகள் பிந்திவிட்டது. பிந்திய அந்த அறுபது ஆண்டுகளுக்குள் கொழும்பு நகரமாகிவிட்டது. திருகோணமலை தளமாகவே நின்றுவிட்டது.

இங்ஙனம் கூறுவதால் திருகோணமலை வணிகத்திற்கு உதவாதது என்று நாம் கொள்வதாக எவரும் எண்ணற்க. எமது வீட்டு அடுப்பே அதற்கு மறுப்புரைக்கும். தோட்டத்து லயன்களிற் காலையும் மாலையும் தட்டிச் சுடும் உரொட்டியின் கோதுமை மாவுக்கும் அத்துறைக்கும் நெருங்கிய உறவு உண்டு. 1980ஆம் ஆண்டு தொடக்கம் சீனன்குடாவில் இயங்கும் பிறீமா ஆலை, கப்பலில் வந்த கோதுமையைத் தன் துறைமேடையிலேயே இறக்கி அரைத்து நாடெங்கும் அனுப்பி வருகின்றது. 1980களிற் தொடங்கிய சீமெந்து ஆலையும் அத்துறையின் ஆழத்தை நம்பியே அங்கு அமைந்தது. எண்ணெய்த் தாங்கி ஒன்றையும் காணாத நிவித்திகலத் தாய் ஒருத்தி, திருகோணமலை வழியே வந்த மாவைப் பிசைந்து தன் பிள்ளைகளுக்கு உணவூட்டுகின்றாள். உட்துறைமுகத்தின் பயன் இதுவே என்போம். இரு நூற்றாண்டுப் பீரங்கிகள் செய்யாத நன்மையை ஓர் ஆலை செய்திருக்கின்றது.

இன்று மீண்டும் உலகின் பார்வை அத்துறை மீது திரும்பியுள்ளது. 1987ஆம் ஆண்டு இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறப்பட்ட கடிதங்களிலேயே, திருகோணமலையை இந்தியாவின் நலனுக்கு ஊறாகப் பிறநாட்டுப் படைத்தேவைக்கு விடலாகாது என்பதும், எண்ணெய்த் தாங்கிகளை இருநாடும் சேர்ந்து புதுக்குவது என்பதும் இடம்பெற்றன. 2022 தை மாதத்து ஒப்பந்தப்படி 99 தாங்கிகளுள் 14 இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திற்கும், எஞ்சிய 61 இருவரின் கூட்டு நிறுவனத்திற்கும் பகிரப்பட்டன. 2025 சித்திரையில் இந்தியாவும் ஐக்கிய அரபு இராச்சியமும் இலங்கையும் திருகோணமலையை வலுசக்தி மையமாக்கும் புரிந்துணர்வில் ஒப்பமிட்டன. கொடிகளின் இடத்தை இப்போது ஒப்பந்தங்கள் பிடித்திருக்கின்றன. ஒப்பந்தம் பீரங்கியினும் மேலானது என்பதில் ஐயமில்லை. ஆயினும், அந்த ஒப்பந்தங்களிற் பின்னிலத்து மக்களின் பெயர் எந்த வரியில் இருக்கின்றது என்று கேட்பது எமது கடமை.

'கொழும்பும் அம்பாந்தோட்டையும் இருக்க மூன்றாவது துறை எதற்கு?' என வினவுவோர் உளர். இவ்வினாவிற் பொருள் உண்டு. கிழக்கு மேற்குப் பெருங்கடற்பாதை தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்வது. திருகோணமலை அதிலிருந்து விலகி நிற்பது. பாதையோரத் துறையாகிக் கொள்கலன்களை ஏற்றி மாற்றும் தொழிலிற் கொழும்போடு அது போட்டியிட முயல்வது வீண்முயற்சி. ஆனால் அதன் முகம் வங்கக் கடலை நோக்கியது. சென்னை, விசாகபட்டினம், கொல்கத்தா, சிற்றகொங், யாங்கோன் ஆகிய துறைகள் சூழ்ந்த அக்கடலின் மொத்தச் சரக்குகளாகிய தானியம், சீமெந்து மூலப்பொருள், பசளை, எரிபொருள் முதலியவற்றுக்கு அதனை ஒத்த துறை எம்மிடம் வேறில்லை. நிவித்திகலத் தேயிலை நூறு கிலோமீற்றர் சற்றுக் கடந்தாற் கொழும்பை அடையும். அதனை வளைத்துத் திருகோணமலைக்கு அனுப்புக என்று நாம் கூறவில்லை. மாத்தளையும், மகாவலியின் புதிய குடியேற்ற நிலங்களும், பொலனறுவையும், அநுராதபுரமும், வவுனியாவும், மட்டக்களப்புமே அதன் இயல்பான பின்னிலம். அங்கு விளையும் நெல்லும் சோளமும் பழமும் மீனும் பதனிடப்பட்டு அத்துறைவழிச் செல்லும் நாளிலேதான் அது பெருந்துறையாகும்.

இனி, துறையின் கரையிலேயே வாழ்வோரை நோக்குவோம். உட்துறைமுகத்தின் வடகரையிலிருந்து தென்கரையிலுள்ள கிண்ணியா, மூதூர் மக்கள் நகருக்கு வருவதற்கு நெடுங்காலம் படகையே நம்பியிருந்தனர். கிண்ணியாப் பெரும் பாலம் 2009இலேதான் திறக்கப்பட்டது. அதன் பின்னரும், 2021 கார்த்திகை 23ஆம் நாள், அதே கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணியிற் பாலவேலை நடந்துகொண்டிருந்த வேளையிற் படகுப்பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்டோர் உயிரிழந்தனர். உலகக் கடற்படைகள் பாதுகாப்பாக ஒதுங்கிய குடாவின் ஓரத்தில், புத்தகப்பையோடு சென்ற சிறார் சிறு நீர்ப்பரப்பு ஒன்றைக் கடக்க இயலாது மாண்டனர். சம்பூர் மக்கள் 2006இற் போரினால் இடம்பெயர்ந்து, தம் நிலத்திற்குத் திரும்ப ஏறக்குறைய பத்தாண்டுகள் காத்திருந்தனர். இத்தகைய செய்திகளை ஒதுக்கிவைத்துவிட்டு உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகம் எமது என்று மேடையிற் பேசுவது எமக்கு நாணத்தையே தருகின்றது.

இன்னொன்றும் கூறவேண்டும். அலை புகாத நீர், அழுக்கையும் எளிதில் வெளியே விடாத நீராகும். இன்று துறையைக் காக்கும் மறைவே நாளை அதனைக் கெடுக்கும் காரணமாதல் கூடும். 2020 புரட்டாதியிற் கிழக்குக் கரைக்கு அப்பால் 'நியூ டயமன்ட்' என்னும் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றி எரிந்தபோது, ஏறக்குறைய 2,70,000 தொன் மசகெண்ணெய் கடலிற் கலக்காது தப்பியது நல்லூழே. 2021இற் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் அந்நல்லூழ் எப்போதும் வாய்க்காது என்பதைக் காட்டிற்று. கடலடிப் பள்ளத்தாக்கின் ஆழம் கரைக்கு அண்மையில் வரவழைக்கும் நீலத்திமிங்கிலங்களும், கொட்டியாரக் குடாவில் வலைவீசும் மீனவரும், கோணேசர் மலையடியிற் தீர்த்தமாடும் அடியாரும் ஒரே நீரையே நம்பியுள்ளனர். எரிபொருள் மையம் அமைப்போர் முதலில் அமைக்கவேண்டியது எண்ணெய்க் கசிவைத் தடுக்கும் படகும் பயிற்சிபெற்ற ஆட்களுமே என்பது எமது கருத்து.

ஆதலின், மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கின்றோம். ஒன்று: திருகோணமலை பற்றிய ஒப்பந்தம் ஒவ்வொன்றும் முழு வாசகத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைக்கப்படல் வேண்டும். தம் வாயிற்படியிற் செய்யப்பட்ட உடன்பாட்டைப் பிறநாட்டுச் செய்தி வழியே மக்கள் அறியும் நிலை நீங்கவேண்டும். இரண்டு: துறைமேடைக்குச் செலவிடும் பொருளில் ஒரு பங்கு பின்னிலத்துப் பாதைக்கும், இருப்புப்பாதைக்கும், பாலங்களுக்கும் ஒதுக்கப்படல் வேண்டும். பாலமற்ற கரையில் எழுப்பும் துறைமேடை, கையற்றவனுக்கு இட்ட மோதிரம் போன்றது. மூன்று: அத்துறையில் உயரும் தொழில்களில் அக்கரையின் இளைஞர்க்கும், அவர்களைப் போன்றே பின்தள்ளப்பட்ட மலையகத் தோட்டத்து இளைஞர்க்கும் பயிற்சியும் இடமும் வேண்டும்.

மூன்றாவது வேண்டுகோள் அரசாங்கத்திற்கு மட்டும் உரியதன்று. இம்மலரை விரித்திருக்கும் பழைய மாணவர்க்கும் உரியது. எமது தலைமுறையிற் கல்லூரியை விட்டு வெளியேறியோர் எழுதுவினைஞராகவும், ஆசிரியராகவும், மருத்துவராகவும், பொறியியலாளராகவும் விளங்கினர். கடலைத் தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலரே. கடல் கடந்து செல்வதிற் பின்னிற்காத தமிழர், கடலிலேயே நிற்கும் கல்வியிற் பின்னின்றுவிட்டோம். கப்பலைத் துறைக்குள் நடத்தும் வழிகாட்டி, கடலடியை அளக்கும் நில அளவையாளர், கப்பற் பொறியியலாளர், கடல்வாழ் உயிரியல் அறிஞர், கப்பற் சட்டம் கற்ற வழக்கறிஞர் ஆகியோர் வெளியிலிருந்தே வருவாராயின், துறை எமது கரையில் இருந்தும் எமதாகாது. எம்மிடமுள்ள புலமைப்பரிசில் நிதிகளுள் ஒரு சிறு பகுதியேனும் இத்துறைகளைக் கற்க விழைவோர்க்குச் செல்லுமாயின், அது விழாவுக்கு எழுப்பும் தோரணவாயிலினும் நெடுநாள் நிற்கும்.

ஆசிரியரின் வினாவுக்குத் திரும்புகின்றோம். துறைமுகத்தை ஆக்குவது கடலா, நிலமா? கடல் இடத்தைத் தருகின்றது. நிலம் காரணத்தைத் தருகின்றது. இரண்டும் கூடியும், அங்கு வாழும் மனிதர் கணக்கில் எடுக்கப்படாத இடத்தில் எழுவது படைத்தளமோ பண்டகசாலையோ அன்றித் துறைமுகம் ஆகாது. அன்றே இதனைச் சொல்லியிருப்பாராயின் தேர்வுக்கு எழுதிவிட்டு மறந்திருப்போம். சொல்லாது விட்டமையாலன்றோ, கடல் தெரியாத நிவித்திகலையில் இருந்தும் அதனைப் பற்றி எண்ணிக்கொண்டிருக்கின்றோம். அவரைப் போன்ற ஆசிரியர்களை எமக்குத் தந்த கல்லூரி அன்னை பல விழாக்கள் கண்டு நீடு வாழ்க.